திரும்பி வராத விருந்தினர்

காசு வாங்கிக்கொண்டு ஒருவரை நினைவில் வைத்திருப்பது அன்பாகுமா? திருச்சியில் நான் வகுப்பெடுக்கும் கேட்டரிங் கல்லூரியில் ஒரு மாணவி இதையே வேறு மாதிரி கேட்டாள். "மேம், கெஸ்ட்டுக்கு எந்தத் தலையணை பிடிக்கும், காபியில சர்க்கரை எவ்வளவு, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதைப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே கொண்டுபோய்க் குடுக்கிறோம். நம்மள எவ்வளவு ஞாபகம் வெச்சிருக்காங்கன்னு அவர் சந்தோஷப்படறார். இது நடிப்புதானே?"

சென்னையில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்து, மாடி சூப்பர்வைசராகி, பிறகு அந்தத் துறைக்கே பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பெண் தன் வயதில் பாதியை இந்த வேலையில் கழிக்கப்போகிறாள். நாள்தோறும் பொய் சொல்லித்தான் சம்பளம் வாங்கவேண்டுமா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு.

வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லவேண்டும். நாளை வருகிறவர்களின் பட்டியல் முந்தின நாளே எல்லாத் துறைக்கும் வந்துவிடும். பெயருக்கு எதிரே குறிப்புகள் இருக்கும்: தாழ்ந்த தலையணை, லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறை வேண்டாம், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. நான் சேர்ந்த காலத்தில் இவை கார்டெக்ஸ் என்று நாங்கள் சொன்ன அட்டைகளில் இருந்தன. பிறகு கணினிக்குப் போயின. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஓட்டல்களில், சென்னையில் எழுதிய குறிப்பு டெல்லியிலும் துபாயிலும் திறக்கும். காலை பிரீஃபிங்கில் சூப்பர்வைசர் அதைப் படித்துக்காட்டுவார். மாணவி பார்த்தது இந்தக் கடைசிக் கட்டத்தை.

இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை விருந்தினர் சொல்வதே இல்லை. அறையைச் சுத்தம் செய்கிறவர் அறையைப் படிக்கிறார். படுக்கையின் எந்தப் பக்கம் கசங்கியிருக்கிறது, ஏசியை அணைத்துவிட்டு அலமாரியிலிருந்து கம்பளியை எடுத்தாரா, தலைமாட்டில் மாத்திரை அட்டை இருக்கிறதா, தண்ணீர் பாட்டில் எத்தனை காலி. எங்கள் மாடியில் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த ரூம் பாய் ஒருவர் இருந்தார். ஒரு வயதான அம்மா தங்கியிருந்த அறையின் குளியலறையில், பெரிய டவல் ஒன்று நான்காக மடித்துத் தரையில் விரிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். வேறு ஒருவராக இருந்தால் அழுக்குத் துணியோடு அதையும் வாரிக்கொண்டு, புது டவலை மாட்டிவிட்டுப் போயிருப்பார். இந்த அம்மாவுக்கு வழுக்கிவிடுமோ என்று பயம் என்பது அவருக்குப் புரிந்தது. ஸ்டோருக்குப் போய் ரப்பர் பாயும், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூலும் வாங்கிவந்து போட்டார். அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார். எனக்குக் கால் நடுங்குகிறது என்று முகம் தெரியாத ஒருவரிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இதை நடிப்பு என்று என்னால் ஒருநாளும் ஒத்துக்கொள்ள முடியாது. அறை காலியாக இருந்தது. நடித்துக்காட்ட எதிரில் ஆளே இல்லை. ஓட்டல் சேவையில் பெரும்பகுதி இப்படி யாரும் பார்க்காத நேரத்தில் நடக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆனால் முகத்துக்கு நேரே நின்று சிரிக்கவேண்டியவர்களின் பாடு வேறு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-இல் 'தி மேனேஜ்டு ஹார்ட்' என்ற நூலை வெளியிட்டார். டெல்டா விமானப் பணிப்பெண்களின் வேலையைக் கூர்ந்து பார்த்து எழுதியது அது. கைகால் உழைப்பைப் போல உணர்ச்சியும் சம்பளத்துக்கு விற்கப்படுகிறது என்றார். உதட்டோடு நிற்கும் நடிப்பு ஒன்று. தன் மனத்தையே மாற்றிக்கொண்டு அந்த உணர்ச்சியை உண்மையாகவே வரவழைத்துக்கொள்ளும் ஆழ்ந்த நடிப்பு இன்னொன்று. இரண்டாவதில்தான் அவருக்குக் கவலை அதிகம். நாளாக ஆக, எது தன் உணர்ச்சி, எது கம்பெனி கேட்ட உணர்ச்சி என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் போய்விடலாம். ஃப்ரன்ட் ஆபீஸ் பெண்கள் ஷிப்ட் முடிந்து லாக்கர் அறையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள் நான். அவர் சொல்வது எனக்குத் தெரியும்.

ஆனாலும் அதோடு நின்றுவிட எனக்குச் சம்மதமில்லை. நீதியான செயல்களைச் செய்து செய்துதான் ஒருவர் நீதிமானாகிறார் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. குணம் முதலில் உள்ளே முளைத்துப் பிறகு வெளியே வருவதில்லை, பழக்கத்தில்தான் பிடிபடுகிறது. எங்களிடம் வந்து சேர்ந்த கிராமத்துப் பையன்கள் முதலில் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தார்கள். கதவை மூன்று முறை தட்டு, உள்ளே போகுமுன் குரல் கொடு, தூங்குகிறவர் முகத்தைப் பார்க்காதே. ஓரிரு ஆண்டுகளில் அவர்கள் தங்கள் வீட்டிலும் அப்பா தூங்கும் அறைக் கதவை மெல்லச் சாத்தினார்கள் என்று அவர்களுடைய அம்மாக்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி ஒரு மனிதரைப் பொய்யராக்கவும் கூடும், பண்புள்ளவராக்கவும் கூடும். இரண்டையும் பிரிப்பது எது என்பதுதான் கேள்வி.

சம்பளம் அதைப் பிரிப்பதில்லை. காசு வாங்கினாலே சேவை பொய் என்றால், நம் பெரிய கோயில்களின் வரலாறே பொய்யாகிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன், ஆடல் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வைத்ததைக் கல்வெட்டில் வெட்டியிருக்கிறார்கள். குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், தண்ணீர் தெளிப்பவர், குயவர், தையற்காரர், கணக்கர் என்று பணியாளர் பட்டியல் நீளுகிறது. எல்லாருக்கும் பங்கு உண்டு. பங்கு வாங்கியதால் விளக்கு மங்கலாக எரிந்துவிடவில்லை.

நான் பிறந்தது ஸ்ரீரங்கத்தில். என் பெரியப்பா கோயில் மடைப்பள்ளியில் இருந்தார். சம்பளக்காரர்தான். ஆனால் "வேலைக்குப் போறேன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "கைங்கர்யத்துக்கு நாழியாயிடுத்து" என்பார். பிற்காலத்தில் ஓட்டல் வேலையில் விருந்தினரின் விருப்பங்களை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோயில்தான் நினைவுக்கு வரும். பெருமாளை எழுப்புவதற்கு ஒரு முறை, நீராட்டுவதற்கு ஒரு முறை, எந்த வேளைக்கு என்ன அமுது என்று ஓர் ஒழுங்கு. துலுக்க நாச்சியார் என்னும் சுல்தானின் மகளை மணந்தவர் என்பதால் அவருக்கு ரொட்டியும் வெண்ணெயும் கூட உண்டு. ஒருவரின் இல்லறத்தை நினைவில் வைத்துச் சமைக்கும் சமையல் அது.

அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று. ஒருநாள் பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதாக இராமானுஜருக்குப் பட்டது. என்ன அமுது செய்வித்தீர்கள் என்று விசாரித்தார். நாவல்பழமும் தயிர்சாதமும் என்றார்கள். அது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, கஷாயம் வைத்துச் சமர்ப்பிக்கச் செய்தாராம். தன்வந்திரிக்கு அங்கே தனிச் சந்நிதி இருப்பதற்கும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

விசிஷ்டாத்வைதத்தை நிலைநாட்டிய ஒரு தத்துவ ஆசிரியர், பரம்பொருளுக்கு வயிறு சரியில்லை என்று கவலைப்பட்டார் என்பதைச் சின்ன வயதில் கதையாகத்தான் கேட்டேன். மாடி சூப்பர்வைசரான பிறகுதான் அதன் கூர்மை என்னைத் தொட்டது. அன்று மடைப்பள்ளியில் யாரும் தவறு செய்யவில்லை. நாவல்பழம் ஏற்கத்தக்கதுதான், தயிர்சாதமும் அப்படியே. முறைப்படி எல்லாம் சரி. முகம் மட்டும் சரியில்லை. முறையைச் செய்து முடித்தவர்கள் அத்தனை பேர் இருந்த இடத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்தார்.

எங்களிடம் ஆண்டுதோறும் திருமண நாளுக்கு வரும் ஒரு தம்பதி இருந்தார்கள். குறிப்பில் எல்லாம் இருந்தது: மேற்குப் பார்த்த அறை, இருவர் பெயரும் எழுதிய கேக், ரோஜாப் பூங்கொத்து. ஓர் ஆண்டு வழக்கம்போல் முன்பதிவு வந்தது. கேக்கும் தயாரானது. இரவுக்குப் படுக்கையைத் தயார்செய்யும் டர்ன்டவுனுக்கு மாலையில் போன பையன் பேன்ட்ரியிலிருந்து எனக்கு ஃபோன் செய்தான். "மேடம், சார் மட்டுந்தான் வந்திருக்கார். அந்த மேடத்தோட ஃபோட்டோவைக் கொண்டுவந்து டேபிள் மேல வெச்சிருக்கார். கேக்கை அனுப்பவேணாம்னு கிச்சனுக்குச் சொல்லிடுங்க." நிறுத்தினோம். படுக்கையில் இன்னொரு பக்கத்துத் தலையணையை எடுத்துவிடவா என்று கேட்டான். அப்படியே இருக்கட்டும் என்றேன். அவருக்கு வேறெதுவும் செய்யவில்லை. செய்யாமல் இருந்ததுதான் அன்றைய சேவை.

மறுநாள் முன்பதிவுப் பிரிவில் அந்தக் குறிப்பைத் திருத்தவேண்டும் என்றார்கள். கேக் வரியை நீக்குங்கள், காரணம் எழுதவேண்டாம் என்றேன். நான் இன்றைக்கும் அந்த முடிவில்தான் நிற்கிறேன். ஒரு மனிதரிடம் இருக்கும் நினைவுக்குக் கூச்சம் உண்டு. எதை யாரிடம் எப்போது சொல்லலாம் என்று அது தயங்கும். கணினியில் ஏறிய குறிப்புக்குத் தயக்கம் கிடையாது. கேட்டவருக்கெல்லாம் ஒரே மாதிரி திறந்துகொள்ளும். துபாயில் முகமறியாத ஒரு பணியாளர் "உங்கள் மனைவியின் மறைவுக்கு வருந்துகிறோம்" என்று அச்சடித்த அட்டையைப் பழத்தட்டில் வைத்தால், அந்த மனிதர் ஆறுதல் அடைவாரா, யாரோ தன்னை ஒளிந்து பார்த்தார்கள் என்று நடுங்குவாரா? அறியப்படுவதும் கண்காணிக்கப்படுவதும் வெளியே ஒன்றுபோலத் தோன்றும். முன்னதில் அறிகிறவரும் ஒரு மனிதராக எதிரே நிற்கிறார்.

இனி, விருந்தினரின் விசுவாசம் என்று ஓட்டல்காரர்கள் சொல்வதற்கு வருகிறேன். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் அடிக்கடி பறப்பவர்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. 1983-இல் ஹாலிடே இன்னும் மாரியட்டும் அதே வழியில் வந்தன. ஹோக்ஷீல்டின் நூல் வெளியான அதே ஆண்டு. ஒருபக்கம் பணியாளரின் உணர்ச்சிக்கு விலை உண்டு என்று ஒருவர் எழுதிக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் விருந்தினரின் பற்றுக்கும் புள்ளி போட்டு விலை வைத்தார்கள். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படிகள் வந்தன. ஃபோர் சீசன்ஸ் போல அந்தப் புள்ளிக் கணக்கில் இறங்காமலே நெடுங்காலம் நடந்துவந்த ஓட்டல்களும் உண்டு, பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள்.

திரும்பத் திரும்ப வருகிறவருக்கு நன்றி சொல்வதில் தப்பே கிடையாது. மளிகைக் கடைக்காரரும் செய்வார். எனக்கு உறுத்துவது, இந்தப் படிவரிசை மாடிக்குள் வந்து எங்கள் பார்வையை என்ன செய்தது என்பதுதான். வருகைப் பட்டியலில் மேலே இருப்பவரின் அறைக்கு இரண்டு முறை சோதனை, பழத்தட்டு, மேலாளரின் கையெழுத்து. கீழே இருப்பவர் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஒரே ஒரு இரவு, சேமிப்பை உடைத்து வந்தவராக இருக்கலாம். அவர் இனி வரமாட்டார் என்று கணினிக்கு முன்பே தெரியும். அதனால் அவரை யாரும் படிப்பதில்லை.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதில் பலனும் சொல்கிறார். விருந்து போற்றுகிறவர் வீட்டில் திருமகள் தங்குவாள், வானவர் அவரை எதிர்கொள்வார்கள் என்கிறார். ஆனால் அந்தப் பத்துக் குறளில் ஒன்றிலும் பலன் விருந்தினர் கையிலிருந்து வருவதில்லை. வேறெங்கிருந்தோ வருகிறது. இன்று வந்தவரை வழியனுப்பிவிட்டு நாளை வரப்போகிற வேறொருவருக்காகத்தான் வீட்டுக்காரர் காத்திருக்கிறார். உண்டவரே திரும்பி வந்து கடனைத் தீர்ப்பார் என்ற எண்ணம் அங்கே இல்லை. பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் கதையிலும் இதையே பார்க்கிறேன். மழை கொட்டும் இரவில், வறுமையில் வாடும் வீட்டுக்கு ஓர் அடியார் வருகிறார். பகலில் விதைத்த நெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வருகிறார் மாறனார். விறகுக்கு வீட்டுக் கூரையின் கழியை அறுக்கிறார். வந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அடியார் கோலம், நனைந்த உடம்பு, பசி, இவ்வளவுதான் தெரியும். அடுத்த போகத்துக்கான விதையையே ஆக்கிப் போட்டவர், அடுத்த முறை இவர் வருவாரா என்று எப்படிக் கணக்குப் பார்த்திருப்பார்?

இதெல்லாம் புராணம், ஓட்டல் நடத்த உதவாது என்று சொல்வார்கள். 2008 நவம்பர் 26 இரவு மும்பை தாஜ் மகால் பேலஸில் நடந்தது புராணமில்லை. பயங்கரவாதிகளின் துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது பின்வாசல்களெல்லாம் தெரிந்தவர்கள் பணியாளர்கள்தான். அவர்கள் தப்பி ஓடவில்லை. விருந்தினர்களை மறைத்து, இருட்டில் தண்ணீர் கொடுத்து, சின்னச் சின்னக் குழுக்களாக வெளியே அனுப்பினார்கள். அப்படி அனுப்பும்போது சமையற்கூடத்துப் பணியாளர்கள் பலர் சுடப்பட்டு இறந்தார்கள். பொது மேலாளர் கரம்பீர் காங் அந்த ஓட்டலின் தீயில் மனைவியையும் இரண்டு மகன்களையும் இழந்தார்; அதற்குப் பிறகும் மற்றவர்களை மீட்கும் பணியிலேயே நின்றார். ஹார்வர்டைச் சேர்ந்த ரோஹித் தேஷ்பாண்டேயும் அஞ்சலி ரைனாவும் 2011-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அந்த ஓட்டலில் உயிரிழந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பணியாளர் என்கிறார்கள். சிறு ஊர்களிலிருந்து ஆளெடுப்பது, கம்பெனியின் சார்பில் விருந்தினரிடம் பேசுவதைவிட விருந்தினரின் சார்பில் கம்பெனியிடம் பேசும்படி பழக்குவது, இவையெல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன. நான் அதில் வேறொன்றையும் பார்க்கிறேன். அந்த இரவில் யார் பிளாட்டினம், யார் முதல் முறை வந்தவர் என்று ஒருவரும் பார்க்கவில்லை. நாங்கள் ஆண்டுக்கணக்காக விருந்தினரின் விசுவாசத்தை அளந்துகொண்டிருந்தோம். விசுவாசம் மறுபக்கத்தில், டிரே ஏந்தியவர்களிடம் இருந்தது. அதை அளக்க எங்களிடம் எந்த ஏற்பாடும் இருந்ததில்லை.

அதற்காகச் சேவை செய்கிறவர் தன்னைக் கரைத்துக்கொண்டே போகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சீசர் ரிட்ஸைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லும்போது, எல்லாரும் சொல்லும் வெற்றிக் கதையோடு நிறுத்திக்கொள்வதில்லை. சுவிட்சர்லாந்தின் நீடர்வால்ட் என்ற மலைக்கிராமத்தில் 1850-இல் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். 1889-இல் லண்டன் சவோய் ஓட்டலின் நிர்வாகம், 1898-இல் பாரிஸில் தன் பெயரிலேயே ஓர் ஓட்டல். அரசர்களும் சீமான்களும் வாய் திறக்குமுன் அவர்கள் விருப்பம் அவருக்குத் தெரியும். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக லண்டன் கார்ல்டன் ஓட்டலில் மாபெரும் ஏற்பாடுகள் செய்திருந்தார். அரசருக்கு அவசர அறுவைச் சிகிச்சை, விழா தள்ளிப்போனது. ரிட்ஸ் அன்று மனமுடைந்து விழுந்தார். பிறகு அவர் பழையபடி எழுந்திருக்கவே இல்லை, 1918-இல் இறந்தார். ஊரார் விருப்பத்தையெல்லாம் மனத்தில் சுமந்தவரின் விருப்பம் என்ன என்று கேட்க ஓர் ஆளாவது இருந்திருக்கவேண்டும்.

ஆக, பயிற்சி ஒருவரைப் பொய்யராக்குகிறதா, பண்புள்ளவராக்குகிறதா என்பதை, அவருக்குப் பார்க்க நேரம் இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது என்பது என் முடிவு. ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க ஒரு சாதாரணப் பணியாளரும் 2,000 டாலர் வரை மேலதிகாரியைக் கேட்காமலே செலவிடலாம் என்று ஒரு விதி உண்டு. நல்ல விதி. அதில் இருப்பது பணத்தைவிட நம்பிக்கை. ஆனால் ஒரு மாடியில் ஒரு ஷிப்டில் ஒருவர் தலையில் 14 அறை, சீசனில் 16 அறை என்று விழும்போது, அறைக்கு அரை மணி நேரம்தான். அதற்குள் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, தூசி தட்டி, பாட்டில் வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போகவேண்டும். நான்காக மடித்த டவலை நின்று பார்க்க அதில் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த நிமிடத்தைப் பறித்துக்கொண்டு, "விருந்தினரை மனத்தால் உணருங்கள்" என்று பயிற்சி வகுப்பில் சொல்வது பாவம். அந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். நேரமில்லாதவரிடம் அன்பைக் கேட்டால் அவர் தரக்கூடியது சிரிப்பு மட்டுமே. அப்போதுதான் அது நடிப்பாகிறது. அந்தப் பொய்யைச் சொல்லவைத்தவர் அறையைச் சுத்தம் செய்பவர் இல்லை.

ஓட்டல் மேலாளர்கள் கூடும் இடங்களில் இதை நான் கேட்டிருக்கிறேன். கூப்பிட்டால் இன்னும் போய்க் கேட்பேன். புள்ளித் திட்டத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து மாடிக்கு ஓர் ஆளைக் கூடுதலாகப் போடுங்கள். 14 அறையை 11 ஆக்குங்கள். மிச்சமாகும் நேரத்தைப் பட்டியலின் அடியில் இருக்கும் பெயர்களுக்கு, முதல் முறை வந்து ஒரே இரவில் போய்விடுகிறவர்களின் அறைகளுக்கு முதலில் கொடுங்கள். இதற்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று ஒருவர் கேட்டார். அவர்களிடமிருந்து வராது என்றேன்.